பாட்டுக்கு முன்னால் மேடை

ஒரு பாடகரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் நமக்கு அச்சு தயாராகவே இருக்கிறது. பிறந்த ஊர், குரு, முதல் கச்சேரி, சினிமாவில் கிடைத்த வாய்ப்பு, வாங்கிய விருதுகள், கடைசியில் சீடர்களின் பட்டியல். செம்பை வைத்தியநாத பாகவதருக்கும் யேசுதாசுக்கும் இந்த அச்சு ஏறக்குறையப் பொருந்தும். இந்தியாவில் ஹெவி மெட்டல் பாடிய ஒருவரை இதற்குள் வைத்தால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவருக்குக் குரு கிடையாது. வாய்ப்புக் கொடுக்க யாரும் இல்லை. அவர் பாட வேண்டிய மேடையே ஊரில் இல்லை. விழிஞ்ஞம், கோவளம், திருவனந்தபுரம் வட்டாரத்தில் இந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மும்பையின் சாஹில் மகீஜா நெருக்கமான பெயர். பாடுவதும் கிதார் வாசிப்பதும் ஒருவரே. டெமானிக் ரெசரக்‌ஷன் என்ற குழுவின் மையம். மெட்டல் வட்டத்தில் டெமன்ஸ்டீலர். அவர் எத்தனை பாட்டு விற்றார், எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்குப் பார்த்தால் அந்த வாழ்க்கை சிறியதாகத் தெரியும். அவரும் அவரைப் போன்றவர்களும் இசைக்காக என்னென்ன கட்டி எழுப்பினார்கள் என்று பார்த்தால்தான் அளவு சரியாகக் கிடைக்கும் என்பது என் கட்சி. இந்த நாட்டில் மெட்டல் பாடகனின் தொழில் என்பது முதலில் மேடை கட்டுவது. பாட்டு அதன் மேல் ஏறி நிற்கிறது.

இப்படிச் சொல்வதற்கு அந்தக் காலத்தின் நிலவரம் தெரிய வேண்டும். தொண்ணூறுகளில் இந்த இசை எங்கள் பக்கத்துக்கு ஒழுகி ஒழுகித்தான் வந்தது. கோவளம் கடற்கரைக் கடைகளில் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக ஓடிய கேசட்டுகள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த அண்ணன்மார் பெட்டியில் கிடந்த டேப்புகள், நகல் எடுத்த நகலிலிருந்து மறுபடி எடுத்த நகல்கள். மூன்றாவது கை மாறும்போது டிரம்ஸின் ஓசை தகரத்தைத் தட்டுவதுபோல ஆகிவிடும். அதையும் கேட்டோம். வாசிக்க ஆசைப்பட்டவர்களுக்குக் கிடைத்தது கொல்கத்தாவில் செய்த கிவ்சன் கிதார். தந்திகள் விரல்பலகையை விட்டு அரை விரல் உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல்நுனியில் கோடு விழும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி தள்ளிப்போகும். கொஞ்சம் வசதியுள்ளவர் கையில் ஒரு ஜூம் பெடல் இருக்கும். அதை ஸ்ட்ரேஞ்சர் ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் இரைச்சல் வரும். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஒரு ரிஃப் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும். தகவலுக்கு இருந்த ஒரே வழி ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை. 1993-இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கியது. அவரும் ராக் குழுவில் வாசித்தவர்தான். பாட்டு எழுதிக்கொண்டே இருந்திருந்தால் பத்துப் பதினைந்து பாடல்களோடு அவர் கதை முடிந்திருக்கலாம். பத்திரிகை நடத்தினார், அதனோடு இந்தியக் குழுக்களின் பாடல் தொகுப்புகளை வெளியிட்டார், ‘கிரேட் இந்தியன் ராக்’ என்ற விழாவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2012 ஜனவரியில் கோவாக் கடலில் அவர் இறந்தபோது நாடு முழுக்க ராக் வாசித்தவர்கள் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோலப் பேசினார்கள். அவர் பாடிய பாட்டு ஒன்றையாவது சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் பாதிப் பேர் விழித்திருப்பார்கள்.

மகீஜாவின் வாழ்க்கை அந்தத் தடத்தில் இன்னும் ஒரு படி போகிறது. டெமானிக் ரெசரக்‌ஷன் 2000-இல் உருவான குழு. முதல் ஆல்பம் அதே ஆண்டு, சொந்தச் செலவில். ‘எ டார்க்னஸ் டிசெண்ட்ஸ்’ 2005-இல் வந்தது; ‘தி ரிட்டர்ன் டு டார்க்னஸ்’ 2010-இல். அந்த 2010 தான் உச்சம். இங்கிலாந்தின் கேண்டில்லைட் நிறுவனம் ஆல்பத்தை வெளிநாடுகளில் வெளியிட்டது. நார்வேயின் இன்ஃபெர்னோ விழாவிலும் செக் நாட்டின் புரூட்டல் அஸால்ட் விழாவிலும் வாசித்தார்கள். லண்டனில் ‘மெட்டல் ஹாமர்’ பத்திரிகையின் கோல்டன் காட்ஸ் விருதுகளில் உலக மெட்டலுக்கான விருது கிடைத்தது. பிறகு 2012-இல் இங்கிலாந்தின் பிளட்ஸ்டாக், 2014-இல் ஜெர்மனியின் வாக்கன். ‘தி டீமன் கிங்’ 2014-இல். பத்து அவதாரங்களுக்குப் பத்துப் பாட்டாக ‘தசாவதார்’ 2017-இல். இவ்வளவையும் ஒரு இந்திய சினிமாப் பின்னணிப் பாடகர் செய்திருந்தால் விமான நிலையத்தில் மாலையோடு ஆள் நின்றிருக்கும். மும்பையிலேயே அடுத்த தெருக்காரருக்குத் தெரியாமல் இது நடந்து முடிந்தது.

பயணப் பட்டியலைவிட முக்கியமானது அதற்கு அடியில் இருந்த வேலை. குழு தொடங்கியபோது மும்பையில் மெட்டலை ஒலிப்பதிவு செய்யத் தெரிந்த ஸ்டுடியோ கிடையாது என்றே சொல்லலாம். விளம்பர ஜிங்கிளும் பஜனையும் பதிவு செய்து பழகிய பொறியாளருக்கு, கிதார் ஓசை கிழிந்து வருவதே நோக்கம் என்று புரியவைப்பது கடினம். அவர் நல்ல மனதோடு அதைச் சரிசெய்துவிடுவார். டிரம்ஸில் இரண்டு காலும் மாறி மாறி அடிக்கும் வேகத்தைத் தனித்தனியாகக் கேட்கும்படி பிடிக்க மைக்கை எங்கே வைப்பது என்பது அப்போது இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வித்தை. மகீஜா தானே ஒலிப்பதிவு கற்றுக்கொண்டு ஸ்டுடியோ வைத்தார். மற்றக் குழுக்களையும் அங்கே பதிவு செய்தார். பதிந்ததை வெளியிட நிறுவனம் இல்லை என்பதால் மெட்டலுக்கென்றே டெமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ். வெளியிட்டதை வாசித்துக் காட்ட மேடை இல்லை என்பதால் ரெசரக்‌ஷன் ஃபெஸ்டிவல். இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த தேவைகள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தவை இல்லை. ஒரு பாட்டைக் கேட்கவைக்க வேண்டும் என்று கிளம்பிய ஆள், வழியில் இல்லாதிருந்த ஒவ்வொரு பாலத்தையும் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தப் பாலங்களில் அவருக்குப் பின்னால் நடந்தவர்கள் பலர். எண்பதுகளில் அமெரிக்காவில் கிதார் எடுத்த பையனுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. அங்கே ஸ்டுடியோவும் கிளப்பும் ரெக்கார்டுக் கடையும் அவன் பிறப்பதற்கு முன்பே இருந்தன.

வெளியாள் கவனிக்காத கைவேலையையும் கொஞ்சம் பார்க்கலாம். மெட்டலில் கிதார்காரரின் வலது உள்ளங்கையின் அடிப்பகுதி, தந்திகள் முடியும் பாலத்தின் மேல் லேசாகப் படிந்திருக்கும். படிந்தபடியே மீட்டினால் தந்தி அதிர்ந்து நீளாமல், ‘ஜக் ஜக்’ என்று அடைபட்ட ஓசையாக வெட்டுண்டு விழும். கையை ஒரு நூல் முன்னால் நகர்த்தினால் ஓசை செத்துவிடும்; பின்னால் நகர்த்தினால் அவிழ்ந்துவிடும். இடது கை பிடிப்பது பெரும்பாலும் இரண்டே சுரங்கள்: சட்ஜமும் பஞ்சமமும். தம்புரா விடாமல் தருகிற அதே ஜோடி. காரணம் பக்தி இல்லை, இயற்பியல். ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும்போது ஒவ்வொரு சுரத்திலிருந்தும் உபசுரங்கள் ஏராளமாகக் கிளம்பும்; இரண்டு சுரங்கள் மோதிப் புதிதாகச் சிலவும் பிறக்கும். நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கூழாகிவிடும். சட்ஜ பஞ்சமம் மட்டும் சிதைவைத் தாங்கி நிற்கும். இந்தக் கை இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேல், பெரும்பாலும் அதற்கு எதிரான தாளத்தில், குரல் வர வேண்டும். அந்த உறுமலும் பலர் நினைப்பதுபோல் தொண்டையைக் கிழித்துக்கொள்வது இல்லை. நிஜக் குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் பொய் நாண்களை அதிரவிட்டு, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி எடுப்பது. தெரியாமல் செய்தால் இரண்டு கச்சேரியில் குரல் போய்விடும். மகீஜா ஒரே பாட்டில் உறுமலையும் நேர்க்குரலையும் மாறி மாறிப் பாடுபவர். கை ஓடுவது நிற்காது. மிருதங்கத்தை வாசித்துக்கொண்டே ஜதியைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். இந்த வித்தையைச் சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில் இருபது வயதுக்குள் கற்றவர், ஸ்டுடியோவும் லேபிளும் விழாவும் நடத்தினார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் பலமானது. தோல்வியைத் தூக்கிப் பிடித்து அழகுபடுத்துகிறாய் என்பார்கள். இசையால் வாழ முடியாத மகீஜா கடை நடத்தினான், யூடியூபில் சமையல் நிகழ்ச்சியும் நடத்தினான். அதற்கு ‘கட்டி எழுப்பினார்’ என்று பெயர் சூட்டுகிறாய். மேல்நாட்டில் நல்ல மெட்டல் கலைஞன் இசையால் மட்டுமே வாழ்கிறான் என்பார்கள். இந்த நம்பிக்கை இரண்டு மூன்று பெரிய பெயர்களைப் பார்த்துப் பிறந்தது. டெத் என்ற குழுவை நிறுவிய சக் ஷுல்டினர், பாடகரும் கிதார்காரரும்தான். டெத் மெட்டல் என்ற வகைக்கே வழிவகுத்தவர்களில் ஒருவர். 1987-இல் முதல் ஆல்பம், 1998-இல் ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’, உலகமெங்கும் பெயர். 1999-இல் மூளைத்தண்டில் கட்டி என்று தெரிந்தபோது சிகிச்சைக்குப் பணம் இல்லை. மற்றக் குழுக்கள் நிதிக் கச்சேரிகள் நடத்தின. ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். 2001 டிசம்பர் 13 அன்று 34 வயதில் இறந்தார். அவர் பிறந்த நாடு உலகிலேயே பெரிய இசைச் சந்தை. இதைத் தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை. இந்த இசைக்குத் தொடக்கம் போட்ட டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில், இயந்திரம் அவர் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை எடுத்துக்கொண்டது. இடதுகைப் பழக்கக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்தி போட்டார். பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்த இறக்கம்தான் இன்றைக்கும் மெட்டலின் கனத்துக்கு அடிப்படை. தொழிற்சாலைக்கும் இசைக்கும் நடுவே சுவர் எழுப்பிப் பார்க்கிற பார்வைக்கு இந்த இசையின் பிறப்பே விளங்காது. அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் விமானி என்பது எல்லோரும் அறிந்த கதை. 2008 பிப்ரவரி 1 அன்று அவர்களுடைய உலகச் சுற்றுப்பயணம் மும்பையில் தொடங்கியபோது, குழுவையும் கருவிகளையும் சுமந்து வந்த போயிங்கை ஓட்டியவர் பாடகரேதான். அவர் பிழைப்புக்காக ஓட்டவில்லை என்பது உண்மை. இரண்டு தொழில் இருந்தால் ஒன்று பொய் என்று அங்கே யாரும் சொல்வதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கேரளத்துக்கு வந்தால் என் வாதத்துக்கு எதிரான, அதைவிடக் கூர்மையான சாட்சியம் ஒன்று இருக்கிறது. இங்கே ராக் வாசித்தவர்களில் திறமையானவர்களைச் சினிமா எடுத்துக்கொண்டது. கொச்சியின் 13 ஏடி எண்பதுகளில் ஆங்கில ராக்கில் நாடறிந்த பெயர். 1990-இல் ‘கிரவுண்ட் ஜீரோ’ ஆல்பம் வந்தது. 1996-இல் கொச்சியிலேயே தொடங்கிய மதர்ஜேன் 2008-இல் ‘மக்தூப்’ வெளியிட்டது. அதில் பைஜு தர்மஜனின் கிதார் கர்நாடக கமகத்தைத் தந்தியை இழுத்தே கொண்டுவந்தது; அப்படி இன்னொருவர் வாசித்து நான் கேட்டதில்லை. அவர் 2010-இலும் பாடகர் சூரஜ் மணி அதன் பின்னும் விலகினார்கள். திருவனந்தபுரத்தின் அவியல், 2003-இல் ‘நடநட’ என்ற பாட்டோடு வந்து, மலையாளத்தில் ராக் பாட முடியும் என்று காட்டியது, 2008-இல் ஆல்பம். அதன் ரெக்ஸ் விஜயன் 2011-இல் ‘சாப்பாக் குரிசு’ படத்துக்கு இசையமைத்தார்; பிறகு மலையாள சினிமாவின் ஓசையையே கொஞ்சம் மாற்றினார். அப்படியென்றால் மேடை கட்டுவதெல்லாம் வீண்வேலை, சினிமாவே போதுமே என்று கேட்கலாம். அவியலுக்குப் போதும், அது மெட்டல் இல்லை, பாட்டு மலையாளம், கோடிப் பேர் பாடக்கூடியது. அதே திருவனந்தபுரத்திலிருந்து வந்த கேயாஸ் என்ற த்ராஷ் மெட்டல் குழுவைப் பாருங்கள். 2013-இல் ‘வயலன்ட் ரிடெம்ப்ஷன்’ என்ற ஆல்பம் போட்டார்கள். அந்த ஓசைக்கு எந்த இயக்குநரும் சண்டைக்காட்சிப் பின்னணிக்கு அப்பால் இடம் தரமாட்டார். சினிமா, தனக்கு உதவுகிற அளவுக்கு மட்டும் ராக்கை எடுத்துக்கொள்கிறது. கிதார் தொனியை எடுத்துக்கொள்ளும், பத்து நிமிடப் பாட்டை எடுத்துக்கொள்ளாது. உறுமலை வில்லனுக்குக் கொடுக்கும். மீதியுள்ளதற்கு வேறு வீடு வேண்டும். அந்த வீட்டை மும்பையில் ஒருவர் கட்டினார், இங்கே அந்த அளவுக்கு யாரும் கட்டவில்லை. ‘மக்தூப்’ அளவுக்கு ஆல்பம் போட்ட மண்ணில் அடுத்த தலைமுறைக்கென்று நிலைத்த விழாவோ லேபிளோ எஞ்சவில்லை. திறமை குறைந்ததால் அல்ல. சினிமா இருந்ததால், கட்ட வேண்டிய நெருக்கடி வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் ஊர்க்காரர்களுடையது. இது நம்முடையதா? இதற்கு எளிதான பதில் ஒன்று எல்லார் கையிலும் இருக்கிறது; நான் அதை நம்புவதில்லை. விழிஞ்ஞத்தில் ஆய் அரசர் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. 8-ஆம் நூற்றாண்டு என்பார்கள். தனிப் பாறையில் குடைந்த சின்ன அறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரின் ஒரு பக்கம் வில்லோடு திரிபுராந்தகர், இன்னொரு பக்கம் உமையோடு ஆடும் சிவன். இரண்டும் உளி பாதியில் நின்றுபோன நிலையில். தந்தி மீட்டும் கடவுளும் ஊர் எரிக்கும் கடவுளும் ஒரே பாறையில் இருக்கிறார்கள், ஆகவே மெட்டல் நம் மண்ணில் ஏற்கெனவே இருந்தது என்று ஒரு மேடைப் பேச்சை இதிலிருந்து நொடியில் தயாரித்துவிடலாம். செண்டையையும் பறையையும் தெய்யத்தையும் கூட்டிவந்து இதே வித்தையைச் செய்பவர்கள் உண்டு. அது சரித்திரம் ஆகாது. ‘தசாவதார்’ ஆல்பத்தில் பத்து அவதாரங்கள் வந்தாலும் அதன் இசை வாசகம் ஐரோப்பியச் சிம்ஃபனிக் மெட்டலுடையது. பெயர்கள் நம்முடையவை, இலக்கணம் அவர்களுடையது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வயலின் நமக்கு வந்து இருநூறு ஆண்டுதான் ஆகிறது. வந்தபோது அதற்கும் பாஸ்போர்ட் கேட்டிருக்கலாம்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் ஆழமான பதில் சிங்கப்பூர்த் தமிழர்களிடமிருந்து வந்தது. ருத்ரா என்ற குழு 1992-இல் அங்கே தொடங்கியது. பாடுவதும் பேஸ் கிதார் வாசிப்பதும் கதிர். 2005, 2009, 2011 என்று மூன்று ‘பிரம்மவித்யா’ ஆல்பங்கள். உபநிடதக் கேள்விகளை டெத் மெட்டலில் வைத்தார்கள். அந்த வகைக்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயர் நிலைத்தது. கதிர் இசைக்கு வெளியே மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி தருபவர், அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். மேடையில் உறுமுகிறவரும் வகுப்பில் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறவரும் ஒரே ஆள் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரு மெட்டல் குழு தொடர்ந்ததற்கு அந்த இரண்டாவது வாழ்க்கையே காரணம் என்று நினைக்கிறேன். பாட்டு சோறு போட வேண்டிய கட்டாயம் இல்லாததால், சந்தைக்காகப் பாட்டை மாற்ற வேண்டிய கட்டாயமும் வரவில்லை. ஊர் எது என்பதைவிட, யார் தொடர்ந்து வீட்டுக்குள் வைத்துப் புழங்கினார்கள் என்பதுதான் ஒரு கலையைச் சொந்தமாக்குகிறது. முப்பது ஆண்டு புழங்கினால் சொந்தம்தான்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு நான் பாதி தோற்கிறேன். மெட்டல் ஆங்கிலம் பேசும் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்பது அந்த ஆட்சேபம். ஆம்ப்ளிஃபயரும் டிரம் செட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க ஒரு அறையும் இல்லாமல் இந்த இசை பிறக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய விழிஞ்ஞத்துக் கடற்கரை வீடுகளில் அப்படி ஒரு அறைக்கு எங்கே போவது? அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூரில் வாசித்தபோது கேரளத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறியவர்களில் வள்ளத்தில் போகிறவர் வீட்டுப் பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் கிதார் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் கிதாரும் கீபோர்டும் வாசித்துக் கைபழகியவர்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. சுருதியும் கார்டும் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. அங்கிருந்து மெட்டலுக்கு ஒரு எட்டு தூரம். அந்த எட்டில்தான் சிக்கல். குழுவின் பெயரிலேயே பேய் இருக்கிறது, ஆல்பத்தின் பெயரில் இருட்டு இருக்கிறது. பங்குச்சாமி சொல்லித்தந்த கிதாரால் இதை வாசித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. மகீஜா பாடும் பேய், கற்பனைக் கதையின் பேய்தான்; ஒரு மூன்று பகுதித் தொடர்கதையின் பாத்திரம். அதைப் புனித வெள்ளிக்குப் பவனி போகும் தெருவில் போய் விளக்க முடியாது. ஆகவே இந்த இசை வர்க்கத்தால் மட்டும் இல்லாமல் நம்பிக்கையாலும் வடிகட்டப்பட்டுத்தான் ஆட்களை அடைந்தது. மும்பையில் கட்டப்பட்ட மேடை எல்லோருக்குமான மேடை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது இல்லாதிருந்தால் கதவே இல்லாத சுவராக இருந்திருக்கும். இருந்ததால் குறுகிய கதவாவது இருந்தது. ஒரு குழுவைச் சொந்தக் காசில் பதிவு செய்து கொடுத்தவரைப் பார்த்து, ஏன் எல்லாக் குழுவையும் செய்யவில்லை என்று கேட்பது முறையில்லை.

இனி, இசை எப்படி? இதைத் தவிர்த்துவிட்டு நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசினால் ஏமாற்று வேலையாகும். டெமானிக் ரெசரக்‌ஷனின் பாடல்கள் நீளமானவை, கீபோர்டு அதிகம், சில இடங்களில் இரண்டு யோசனைக்குரிய இடத்தில் ஐந்து யோசனைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 2005 ஆல்பத்தில் ஆசை கைக்கு முன்னால் ஓடுகிறது. 2010 ஆல்பத்தில் கையும் ஆசையும் சேர்ந்துகொண்டன. அதுதான் அவருடைய மிகச் சிறந்த வேலை என்பேன். தனி ஆல்பங்களில் இன்னொரு நல்ல காரியம் செய்தார். 2016-இல் வந்த ‘திஸ் பர்டன் இஸ் மைன்’ ஆல்பத்துக்கு நைல் குழுவின் ஜார்ஜ் கோலியாஸ் டிரம்ஸ் வாசித்தார். 2023-இன் ‘தி புரோபகண்டா மெஷின்’ ஆல்பத்தில் பல நாட்டு டிரம்மர்களும் பேஸ் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். பொய்ப் பிரச்சாரத்தையும் வெறுப்பு அரசியலையும் நேராகவே எதிர்த்துப் பாடுகிறது. பேய்க்கதையிலிருந்து செய்தித்தாளுக்கு வந்துவிட்ட அந்த ஆல்பத்தில் குரலில் வயது தெரிகிறது, நல்லபடியாக. உலக மெட்டலின் முதல் வரிசையில் இவரை வைப்பேனா என்றால் மாட்டேன். அந்த வரிசைக்குத் தேவையான ஒற்றை முனைப்பு, இத்தனை வேலைகளைச் செய்த ஒருவருக்கு வாய்த்திருக்காது. ஸ்டுடியோவில் வேறு குழுக்களுக்காகச் செலவான மாலைகள் அவருடைய சொந்தப் பாட்டிலிருந்து கழிக்கப்பட்டவை. இந்த விலையை மறைத்தால் என் வாதம் சுத்தமாக இருக்காது.

கடைசியாக அந்தச் சமையல் விஷயம். ‘ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்’ என்ற பெயரில் மெட்டல் கலைஞர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டே இறைச்சி வறுக்கும் விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு மாவுச்சத்துக் குறைத்த கீட்டோ உணவுகளுக்குத் திரும்பி, உலகெங்கும் ஆட்கள் பார்க்கும் யூடியூப் சானலாக வளர்ந்தது. பத்தாண்டுக் கச்சேரிகள் தராத வருமானத்தைக் காலிஃபிளவரும் சீஸும் தந்தன. மெட்டல் ரசிகர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. வாக்கன் மேடையில் நின்றவர் வாணலி முன்னால் நிற்கிறாரே என்று. எனக்கு அதில் அவமானமாக எதுவும் தெரியவில்லை. சானல் நடத்தியதும் அதே ஆள் அதே முறையில்தான்: கேமரா, வெளிச்சம், எடிட்டிங் எல்லாம் தானே கற்றுக்கொண்டு, நடுவில் யாரிடமும் அனுமதி கேட்காமல். வீட்டு ஸ்டுடியோவில் ஆல்பங்களும் தொடர்ந்து வருகின்றன. விழிஞ்ஞத்திலிருந்து கோவளம் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் வெள்ளார் கலைக் கைவினை கிராமம்; அங்கே 2022 நவம்பரில் சர்வதேச இண்டி இசை விழா நடந்தது, வெளிநாட்டுக் குழுக்களும் வந்தன. அரசு வளாகம், கடல் பக்கம், நல்ல ஒலியமைப்பு. சினிமாப் பாட்டுக்கு வெளியே ஒரு மேடை. ஆண்டு முழுவதும் எங்கள் பையன்களுக்கு வேண்டியதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒலி வெளியே போகாத ஓர் அறை, அதில் தோல் கிழியாத ஒரு டிரம் செட், மைக் வைக்கத் தெரிந்த ஒருவர், வாடகை மணிக்கு இருநூறு ரூபாய்க்குள். விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தபிறகு இங்கே வாடகை எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த அறையைப் பிடிப்பதென்றால் சீக்கிரம் பிடிக்க வேண்டும்.